ஐரோப்பாவின் வெளியுறவுக் குரல்: அமைப்புகள் கைகோத்தால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்படும் ஒரு முடிவு இலங்கையின் கட்டுநாயக்கவில் ஆடை தைக்கும் பெண்ணின் வேலையைத் தொடுகிறது. கீவ் நகரத்து மின்நிலையத்தையும் மின்ஸ்க் சிறையில் கிடக்கும் எதிர்க்கட்சிக்காரரையும் தொடுகிறது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கை எப்படி உருவாகிறது என்பது ஐரோப்பியர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. அந்தக் கொள்கை தடுமாறும்போதெல்லாம் நாடுகளுக்கு இடையிலான கருத்து வேற்றுமையே காரணமாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. பணம் ஓர் அமைப்பிடம், தடை விதிக்கும் அதிகாரம் இன்னோர் அமைப்பிடம், கேள்வி கேட்கும் உரிமை மற்றோர் அமைப்பிடம் என்று பிரிந்து கிடப்பது மறுபாதி. இந்தப் பக்கம் அந்த மறுபாதியைப் பற்றியது.

பொது வெளியுறவுக் கொள்கை என்றால் 27 நாடுகளும் தங்கள் வெளியுறவுத் துறையை மூடிவிட்டனவா?

இல்லை. பிரான்சுக்கும் மால்டாவுக்கும் தனித்தனி வெளியுறவு அமைச்சர் உண்டு, தூதரகங்கள் உண்டு, ஐ.நா. பொதுச்சபையில் தனி வாக்கு உண்டு. அவற்றுக்கு மேலாக, ஒத்துப்போகும் விஷயங்களில் ஒரே நிலைப்பாடு எடுப்பதுதான் பொதுக் கொள்கை. 1970இல், ஆறே நாடுகள் இருந்த காலத்தில், அமைச்சர்கள் அவ்வப்போது கூடிப் பேசும் ஏற்பாடாக இது தொடங்கியது. 1992இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதற்கு முறையான வடிவம் தந்தது. அப்போது பக்கத்திலேயே யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தது. ஒன்றியத்தால் அந்தத் தீயை அணைக்க முடியவில்லை. இன்றுள்ள பல ஏற்பாடுகளுக்குப் பின்னால் அந்தத் தோல்வியின் வலி இருக்கிறது.

எந்த அமைப்பு என்ன செய்கிறது?

உறுப்பு நாடுகளின் அதிபர்களும் பிரதமர்களும் கூடும் ஐரோப்பிய கவுன்சில் திசையைச் சொல்கிறது. வெளியுறவு அமைச்சர்கள் கூடும் கவுன்சில் அந்தத் திசையில் முடிவுகளை எடுக்கிறது. ஐரோப்பிய ஆணையம் வணிகம், வளர்ச்சி உதவி, மனிதாபிமான உதவி, புதிய நாடுகளைச் சேர்க்கும் பணி ஆகியவற்றை நடத்துகிறது; பணப்பை பெரும்பாலும் அதன் கையில்தான். ஐரோப்பிய நாடாளுமன்றம் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது. பெரும்பாலான சர்வதேச ஒப்பந்தங்கள் அதன் சம்மதம் இல்லாமல் நிறைவேறா. லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம் யார் எல்லை மீறினார் என்று பார்க்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நடுவே, ஒன்றியத்தின் சார்பில் வெளியுலகோடு பேசும் உயர் பிரதிநிதியும் அவருடைய வெளியுறவுச் சேவையும்.

ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ‘ஐரோப்பா கவுன்சில்’ இவற்றில் சேராது. அது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள தனி அமைப்பு. செய்திகளில் இந்தப் பெயர்க் குழப்பம் ஓயாமல் நடக்கிறது.

உயர் பிரதிநிதி ஏன் இரண்டு நாற்காலிகளில் உட்காருகிறார்?

ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1999இல் ஹவியர் சொலானா உயர் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். அவர் அமைச்சர்கள் கவுன்சிலின் ஆள். அதே காலத்தில் ஆணையத்தில் வெளியுறவுப் பொறுப்பு கிறிஸ் பேட்டனிடம் இருந்தது. ஒருவர் நாடு நாடாகச் சென்று சமரசம் பேசுவார். அந்தப் பேச்சுக்கு வலு சேர்க்கும் நிதியும் அலுவலர்களும் மற்றவரிடம் இருப்பார்கள். எதிரே அமர்ந்திருந்த அரசுகளுக்கு யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதே தெளிவாக இல்லை.

2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் இரண்டு பதவிகளையும் ஒருவரிடம் கொடுத்தது. உயர் பிரதிநிதியே அமைச்சர்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். அவரே ஆணையத்தின் துணைத் தலைவர். கேத்தரின் ஆஷ்டன், ஃபெடரிகா மொகெரினி, ஜோசப் பொரெல் ஆகியோருக்குப் பிறகு 2024 டிசம்பரில் எஸ்தோனியாவின் காயா கல்லாஸ் இந்தப் பொறுப்புக்கு வந்தார். பதவியை இணைத்ததால் மட்டும் பணி இணைந்துவிடவில்லை. ஆஷ்டன் தம் அலுவலகத்தை வெளியுறவுச் சேவையின் கட்டடத்தில் வைத்துக்கொண்டார். மொகெரினி 2014இல் ஆணையத்தின் தலைமையகமான பெர்லமோன் கட்டடத்துக்கு மாறி, வெளியுறவோடு தொடர்புள்ள ஆணையர்களின் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் அறை மாற்றம். பிரஸ்ஸல்ஸில், முடிவு எடுபடும் அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பதே பெரிய அதிகாரம்.

வெளியுறவுச் சேவையை யார் உருவாக்கினார்கள்?

எல்லோரும் சேர்ந்து, மல்லுக்கட்டி உருவாக்கினார்கள். 2010இல் நடந்த அந்தப் பேரம் அமைப்புகளுக்கு இடையிலான ஒத்துழைப்புக்கு நல்ல பாடம். சேவையை நிறுவும் முடிவில் நாடாளுமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும் என்பதே சட்டம். ஆனால் ஊழியர் விதிகளையும் நிதி விதிகளையும் திருத்தாமல் சேவை இயங்க முடியாது. அந்தத் திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் கட்டாயம். இதைப் பிடித்துக்கொண்டு உறுப்பினர்கள் பேரம் பேசினார்கள். சேவையின் கணக்குகளைச் சரிபார்க்கும் உரிமையும், முக்கியத் தூதுக்குழுத் தலைவர்களை நியமனத்துக்குப் பின் அழைத்துக் கலந்து பேசும் வழக்கமும் அப்படிக் கிடைத்தவை. ஆணையமும் தன் பங்குக்கு வளர்ச்சி நிதியின் மீதான பிடியை விட்டுக்கொடுக்கவில்லை. 2010 ஜூலை 26 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. 2011 ஜனவரியில் சேவை முழுமையாக இயங்கத் தொடங்கியது.

ஆணையத்திலிருந்தும் கவுன்சில் செயலகத்திலிருந்தும் வந்தவர்களோடு, குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் உறுப்பு நாடுகளின் தூதரகப் பணியிலிருந்து வரவேண்டும் என்று விதித்தார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. லிஸ்பனிலிருந்தும் வார்சாவிலிருந்தும் வந்த அலுவலர்கள் ஒரே கோப்பில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பும்போது, ஒருவர் மற்றவரின் அச்சங்களைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். உலகம் முழுவதும் 140க்கும் மேற்பட்ட தூதுக்குழு அலுவலகங்கள் இந்தச் சேவையின் கீழ் இருக்கின்றன.

ஒரு பொருளாதாரத் தடை எப்படிப் பிறக்கிறது?

முதலில் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஓர் அரசியல் முடிவை எடுக்கவேண்டும். சொத்து முடக்கம், இறக்குமதித் தடை போன்றவற்றுக்கு அந்த முடிவு மட்டும் போதாது. உயர் பிரதிநிதியும் ஆணையமும் கூட்டாக முன்மொழிய, கவுன்சில் பெரும்பான்மையால் ஓர் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றவேண்டும். அதன் பிறகு வங்கிக் கணக்கை முடக்குவதும் கப்பலை நிறுத்துவதும் அந்தந்த நாட்டு அதிகாரிகளின் வேலை. ஆணையம் மேற்பார்வை செய்யும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியபின் இந்தச் சங்கிலியின் பலவீனமான கண்ணி வெளிப்பட்டது. தடையை மீறுவது ஒரு நாட்டில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இன்னொரு நாட்டில் வெறும் நிர்வாக அபராதம். இதைச் சரிசெய்ய எல்லா அமைப்புகளும் இறங்கவேண்டியிருந்தது. தடை மீறலை ஒன்றியக் குற்றங்களின் பட்டியலில் சேர்க்க 2022 நவம்பரில் கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆணையம் சட்ட வரைவைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றமும் கவுன்சிலும் சேர்ந்து 2024 ஏப்ரலில் சட்டமாக்கின. வேறு நாடுகள் வழியாகச் சரக்கு கடத்தப்படுவதைத் தடுக்க, ஐரிஷ்காரரான டேவிட் ஓ’சல்லிவன் தனித் தூதராக நியமிக்கப்பட்டு நாடு நாடாகப் போனார். தடையை அறிவித்த நாள் தலைப்புச் செய்தி ஆகிறது. அது பலிப்பதோ தோற்பதோ இந்த ஓசையில்லாத வேலையைப் பொறுத்தது.

வீட்டோவை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோகும் இந்த வீட்டோவால் வரும் கேடு உண்மையானது. 2017 ஜூனில் சீனாவின் மனித உரிமை நிலை குறித்து ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வாசிக்கவேண்டிய அறிக்கையை கிரீஸ் தனியாக நின்று தடுத்தது. 2020 ஆகஸ்டில் பெலாரஸில் மோசடித் தேர்தல் நடந்து, வீதிக்கு வந்த மக்கள் அடித்து நொறுக்கப்பட்டபோது, துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்று கோரி சைப்ரஸ் தடைக்கு ஒப்புதல் தராமல் கையைக் கட்டிக்கொண்டது. பிரிட்டனும் கனடாவும் முந்திக்கொண்டு தடை விதித்தன. ஒன்றியம் அக்டோபர் 2 அன்றுதான் 40 பேர் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அந்த வாரங்களில் சிறையில் கிடந்தவர்களுக்கு ஐரோப்பாவின் மௌனம் எப்படித் தெரிந்திருக்கும்?

மனித உரிமை நிலைப்பாடுகள், தடைகள், குடிமைப் பணிக்குழுக்கள் ஆகிய மூன்றிலும் பெரும்பான்மை வாக்கெடுப்புக்கு மாறலாம் என்று 2018இல் ஆணையம் யோசனை சொன்னது. 2023 மே மாதம் ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஒன்பது நாடுகள் அதே திசையில் ஒரு குழு அமைத்தன. சிக்கல் என்னவென்றால், ஒருமனதை விட்டு மாறுவதற்கே ஒருமனதான சம்மதம் வேண்டும். பெரிய நாடுகள் தங்களை மிதித்துப் போய்விடும் என்ற சிறிய நாடுகளின் அச்சமும் பொய்யானது அல்ல.

இருக்கிற கதவுகளையே முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து. ‘வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்து, மற்றவர்களைத் தடுக்காமல் இருத்தல்’ என்ற வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2008இல் செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவுக்குச் சட்டம் ஒழுங்குப் பணிக்குழுவை அனுப்பியபோது, கொசோவோவை அங்கீகரிக்காத சைப்ரஸ் அப்படித்தான் ஒதுங்கி வழிவிட்டது. 2022இல் உக்ரைனுக்குக் கொலைத் திறன் கொண்ட ஆயுதங்கள் அனுப்ப முடிவானபோது அயர்லாந்து, ஆஸ்திரியா, மால்டா ஆகியவையும் அதே வழியில் நின்றன. முறைப்படி இதே வகையில் சேராவிட்டாலும், 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனை ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான சேர்க்கைப் பேச்சைத் தொடங்கும் முடிவின்போது ஹங்கேரியின் விக்டர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனதும் ஒதுங்கி வழிவிட்டதுதான்.

அமைப்புகள் சேர்ந்து செயல்பட்டு வெற்றி கண்ட ஓர் உதாரணம்?

செர்பியா, கொசோவோ பேச்சுவார்த்தை. 2008இல் கொசோவோ சுதந்திரம் அறிவித்தபோது ஒன்றியம் பிளந்தது. ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்தும் இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை. இவ்வளவு பிளவு இருக்கும் ஒரு விஷயத்தில் பொதுக் கொள்கையே சாத்தியமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் ஐந்து நாடுகளும் பேச்சுவார்த்தைக்குத் தடையாக நிற்கவில்லை. 2010 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றியத்தின் நடுவர் பங்கை வரவேற்றது. ஆஷ்டன் இரண்டு பிரதமர்களையும், செர்பியாவின் இவிட்சா தாச்சிச்சையும் கொசோவோவின் ஹாஷிம் தாச்சியையும், ஒரே மேசையில் உட்காரவைத்தார். போரின்போது எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் அவர்கள். 2013 ஏப்ரல் 19 அன்று உடன்பாடு எட்டியது. இது ஆஷ்டனின் பொறுமைக்குக் கிடைத்த பலன். ஆனாலும் பொறுமை மட்டும் போதியிருக்காது. ஆணையத்திடம் இருந்த சேர்க்கைப் பேச்சு என்ற வாக்குறுதி அந்த மேசையின் மேல் இருந்தது. உடன்பாடு வந்த இரண்டே மாதத்தில், ஜூனில், தலைவர்கள் கூடி செர்பியாவுடன் சேர்க்கைப் பேச்சைத் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். கொசோவோவுடன் ஒரு கூட்டு ஒப்பந்தத்துக்கான பேச்சையும் அனுமதித்தார்கள்.

அந்தக் கூட்டு ஒப்பந்தத்தைக் கையாண்ட விதம் சட்ட அறிவின் அழகு. வழக்கப்படி ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும் அதை ஏற்கவேண்டும். அங்கீகரிக்காத ஐந்து நாடுகளில் அது நடக்காது. எனவே ஒன்றியம் மட்டுமே கையெழுத்திடும் ஒப்பந்தமாக அதை வடிவமைத்தார்கள். 2016 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. எந்த நாடும் தன் நிலைப்பாட்டை விடவில்லை, எந்த நாடும் வழியை மறிக்கவும் இல்லை.

பிறகு அது ஏன் தளர்ந்தது?

அதே அமைப்புகள் கையை விட்டதால்தான், பெருமளவுக்கு. கொசோவோ மக்கள் விசா இல்லாமல் பயணிக்க வேண்டிய நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்று 2018 ஜூலையில் ஆணையம் சான்று கொடுத்தது. நாடாளுமன்றமும் ஆதரித்தது. கவுன்சிலில் சில அரசுகள் இழுத்தடித்தன. விசா விலக்கு வந்தது 2024 ஜனவரி 1 அன்று. ஐந்தரை ஆண்டுகள்! சொன்னதைச் செய்தவர்களுக்குச் சொன்னதைக் கொடுக்காத நடுவரை யார் நம்புவார்கள்? கொசோவோவில் செர்பிய நகராட்சிகளின் கூட்டமைப்பை அமைப்பதாகத் தந்த வாக்கை கொசோவோ அரசு நிறைவேற்றாததும், செர்பிய அரசின் இரட்டைப் போக்கும் மெய்யான தடைகளே. ஆனால் அவர்களை நெருக்க ஒன்றியத்திடம் இருந்த தார்மீக பலத்தை ஒன்றியமே செலவழித்துத் தீர்த்துவிட்டது.

அமைப்புகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தால் என்ன நடக்கிறது?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் வந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். 9ஆம் தேதி ஓர் ஆணையர், பாலஸ்தீனத்துக்கான நிதி முழுவதும் உடனே நிறுத்தப்படுகிறது என்று சமூக ஊடகத்தில் அறிவித்தார். அன்று இரவே ஆணையம் அதிலிருந்து பின்வாங்கியது. 13ஆம் தேதி ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனும் நாடாளுமன்றத் தலைவர் ரோபெர்டா மெட்சோலாவும் இஸ்ரேல் சென்றார்கள். உறுப்பு நாடுகளின் பொது நிலைப்பாடு எழுத்தில் வெளிவந்தது 15ஆம் தேதி. வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பவர்கள் உறுப்பு நாடுகளே என்று அப்போதைய உயர் பிரதிநிதி பொரெல் வெளிப்படையாக நினைவூட்டவேண்டி வந்தது. அந்த மாதம் 27ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் காசா தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஒன்றியத்தின் 8 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன, 15 ஒதுங்கின. நாடுகளுக்குள் ஆழமான பிளவு இருந்தது உண்மை. அந்தப் பிளவின் மேல் அமைப்புகளின் போட்டியும் சேர்ந்தபோது, குண்டுவீச்சுக்கு நடுவே இருந்த மக்களுக்காகப் பேசவேண்டிய நேரத்தில் ஐரோப்பா தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு இது இன்றும் கோபம் தரும் நினைவு.

நாடாளுமன்றத்துக்கு வெளியுறவில் வெறும் ஆலோசனைப் பங்குதானே?

காகிதத்தில் அப்படித் தோன்றும். 2010 பிப்ரவரியில் ஐரோப்பியர்களின் வங்கிப் பரிமாற்றத் தகவல்களை அமெரிக்காவுக்குத் தரும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. வாஷிங்டன் அதிர்ந்தது. ஜூலையில் கூடுதல் பாதுகாப்புகளோடு திருத்திய ஒப்பந்தம் வந்தபின்தான் சம்மதம் கிடைத்தது. சோமாலியக் கடற்கொள்ளையர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்களை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் பற்றி உடனடியாகவும் முழுமையாகவும் தனக்குத் தெரிவிக்கவில்லை என்று நாடாளுமன்றம் வழக்குப் போட்டு, 2014இல் வென்றது. மக்கள் பிரதிநிதிகளைக் கடைசியில் கூப்பிட்டால் கடைசியில்தான் பிரச்சினையும் வெடிக்கும்.

நீதிமன்றம் தலையிடுவது கொள்கையைப் பலவீனமாக்காதா?

நேர் எதிர். இதற்குத் தமிழ் வாசகர்கள் அறிந்த வழக்கே இருக்கிறது. 2006 மே மாதம் ஒன்றியம் விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2014 அக்டோபரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்க எடுத்த முடிவுகளை நடைமுறைக் காரணங்களுக்காக ரத்து செய்தது: கவுன்சில் தகுதியுள்ள அதிகாரிகளின் முடிவுகளை ஆராயாமல் பத்திரிகை, இணையச் செய்திகளை நம்பியிருந்தது. அந்த இயக்கம் எப்படிப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017 ஜூலையில் மேல்முறையீட்டிலும் கவுன்சில் தோற்றது. இடையில் கவுன்சில் புதிய முடிவு எடுத்திருந்ததால் பட்டியலில் பெயர் நீடித்தது. நீங்கள் அந்தத் தடையை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், ஆதாரத்தோடு முடிவெடு என்று ஆட்சியாளரிடம் சொல்ல ஒரு நீதிமன்றம் இருப்பது நல்லது.

அதே 2006 முடிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் நாடுகள் இருந்தன. தடைக்குப் பின், ஒன்றிய உறுப்பினர்களான சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேறவேண்டும் என்று புலிகள் கோரினர், அவர்கள் வெளியேறினர். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. ஒன்றியமோ அமைதி முயற்சிக்கு உதவும் இணைத் தலைமை அமைப்புகளில் ஒன்று! தடைப் பட்டியலும் அமைதி முயற்சியும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதற்கு உரிய எடை கொடுத்திருந்தால் கண்காணிப்பு அவ்வளவு சீக்கிரம் மெலிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வணிகச் சலுகையை மனித உரிமைக்காகப் பயன்படுத்துவது பலன் தருகிறதா?

அமைப்புகள் தொடர்ந்து கவனித்தால் ஓரளவு தருகிறது. மனித உரிமை நிபந்தனைகளோடு வளரும் நாடுகளுக்குத் தரப்படும் ‘ஜி.எஸ்.பி. பிளஸ்’ இறக்குமதி வரிச் சலுகை இலங்கைக்கு இருந்தது; அதை, ஆணையத்தின் விசாரணைக்குப் பின் கவுன்சில் எடுத்த முடிவுப்படி, 2010 ஆகஸ்டில் ஒன்றியம் நிறுத்தியது. 2017 மே மாதம் மீண்டும் கொடுத்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, சலுகையை மறுபரிசீலிக்கும்படி 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த மார்ச்சில் கொழும்பு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் போதாது என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. சலுகை பறிபோனால் முதலில் அடிபடுபவர்கள் தைக்கும் பெண்கள். கைதுக்கு உத்தரவிட்டவர்கள் அல்ல. அதனால் சலுகையைப் பறிப்பதைவிட, பறிபோகலாம் என்ற நிலையை வைத்துக்கொண்டு விடாமல் கேள்வி கேட்பதே நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு பெரும்பாலும் நாடாளுமன்றத்துக்குத்தான் இருக்கிறது.

ஆயுத உதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ராணுவ நடவடிக்கைச் செலவை ஒன்றியத்தின் பொது வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க ஒப்பந்தம் இடம் தராது. எனவே 2021 மார்ச்சில் அதற்கு வெளியே ‘ஐரோப்பிய அமைதி நிதி’ உருவானது. வெளியே இருப்பதால் நாடாளுமன்றத்தின் கண்காணிப்பும் அதன் மீது குறைவு. இது எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு.

ஒப்பந்தத்தைத் திருத்தாமல் இப்போதே செய்யக்கூடியது என்ன?

நிறைய. உயர் பிரதிநிதி தலைமையில் ஆணையர்கள் குழு தவறாமல் கூடவேண்டும். வணிக, எரிசக்தி, குடியேற்ற ஆணையர்கள் அதில் உட்காரவேண்டும். நெருக்கடி வந்த முதல் 48 மணி நேரத்தில் யார் பேசுவது என்பதை அமைப்புகளின் தலைவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். 2021 ஏப்ரலில் அங்காராவில், அப்போது ஐரோப்பிய கவுன்சிலின் தலைவராக இருந்த ஷார்ல் மிஷெலுக்குத் துருக்கி அதிபர் எர்டோகான் பக்கத்தில் நாற்காலியும், ஃபொன் டெர் லையனுக்குத் தள்ளி ஒரு சோபாவும் கிடைத்த காட்சியை உலகம் முழுவதும் பார்த்தது. அது நெறிமுறைப் பிழையோடு, ஒரு பெண் தலைவருக்கு நேர்ந்த அவமதிப்பும்கூட. இருவரும் முன்பே பேசி வைத்திருந்தால் அந்த அறைக்குள் அப்படி நுழைந்திருக்க மாட்டார்கள்.

ரஷ்யா மீதான தடைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒருமனதாகப் புதுப்பிக்கும் வழக்கத்தை நீட்டிக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலும் பேரம் பேச ஒரு வாய்ப்பைத் திறந்துவிடுகிறது. அச்சுறுத்தல்களைப் பற்றிய பொதுக் கணிப்பையும் வலுப்படுத்தலாம். 2022 மார்ச்சில் ஏற்கப்பட்ட பாதுகாப்பு வழிகாட்டி ஆவணத்துக்கு முன்பாக, 27 நாடுகளின் உளவுத் தகவல்களைத் திரட்டி முதன்முறையாக ஒரு பொது மதிப்பீடு தயாரித்தார்கள். ஸ்பெயினுக்குத் தெற்கும் எஸ்தோனியாவுக்குக் கிழக்கும் பெரிதாகத் தெரிவது இயல்பு. ஒரே கணிப்பை இருவரும் படித்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

பெரிய நாடுகள் தனிவழி போனால்?

போகும். ஈரான் அணுசக்தி விவகாரத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் 2003இல் தாமாகவே முன்வந்து பேச்சைத் தொடங்கின. மற்ற நாடுகள் முணுமுணுத்தன. பிறகு சொலானாவை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பின் ஆஷ்டனும் மொகெரினியும் பேச்சை ஒருங்கிணைத்தார்கள். 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் உடன்பாடு வந்தபோது, ஒன்றியத்தின் எண்ணெய்த் தடையும் வங்கித் தடையும் அந்தப் பேச்சில் மூன்று தலைநகரங்களால் தனியாகக் கொண்டுவர முடியாத எடையைச் சேர்த்திருந்தன. முன்னே ஓடும் நாடுகள் ஓடட்டும்; உயர் பிரதிநிதியை அறைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் நாடுகளுக்கு அவர் வழியாக அன்றன்றே தகவல் போகும்படி செய்தால் போதும்.